சென்ட் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்

பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துக்கொண்டு, சேலம் நாமக்கல் பக்கம் ஒரு சைட் வாங்கி வீடு கட்டிக் குடிவந்துவிடலாம் என்று நினைத்திருக்கும் குடும்பங்களுக்கு,



நான் ராசிபுரம் பக்கத்தில் இருப்பவன். ஓமலூரிலிருந்து நாமக்கல் வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் நேற்றுவரை மரவள்ளியும் சோளமும் நின்ற காடுகளில், மஞ்சள் கல் நட்டு, தார் ரோடு போட்டு, கொடி கட்டியிருப்பதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் வெளியூர்ப் பதிவெண் கார்கள் அங்கே நிற்கின்றன. இறங்கியதும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, “சென்ட் என்ன விலை?” வருகிற பதிலை மனதுக்குள் பெங்களூர் ஒயிட்ஃபீல்டு விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். அதன்பின் எல்லாமே மலிவாகத் தெரிகிறது.

நீங்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சி. ஆள் குறைந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து, வயதானவர்கள் மட்டும் தங்கிவிட்ட தெருக்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. நாலு குடும்பம் வந்து விளக்கேற்றினால் நல்லதுதான். ஆனால் சென்ட் விலையை மட்டும் வைத்துக் கட்டுபடியாகும் என்று முடிவு செய்து வந்தவர்கள், இரண்டு வருஷத்தில் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

ஒரு வீடு கட்டுபடியாகுமா என்பதை அதன் விலையைக் கொண்டு சொல்ல முடியாது. விலையை வருமானத்தால் வகுத்துப் பார்த்தால்தான் தெரியும். உலகம் முழுக்க இதற்குச் சில அளவுகோல்கள் புழங்குகின்றன. வீட்டு விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்று. குடியிருப்புச் செலவு மாத வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. அமெரிக்காவில் பொதுக் குடியிருப்புகளின் வாடகைக்கு 1969இல் 25 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். அந்த எண்தான் இன்றுவரை பல நாடுகளில் சுற்றிவருகிறது. சிகாகோவில் உள்ள ஓர் ஆய்வு மையம் இதோடு போக்குவரத்துச் செலவையும் சேர்த்தது; வீடும் பயணமும் இரண்டும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. நம் பக்கத்துக்கு மிகவும் பொருந்துவது இந்தக் கடைசி அளவுகோல்தான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. ஊருக்கு ஊர் விலை மாறும். கணக்குக்காகச் சென்ட் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சென்ட், அதாவது 1,307 சதுர அடி, 12 லட்சம். பத்திரச் செலவு 9 சதவீதம்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. இது 1,08,000 ரூபாய். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக உயர்த்தியது; 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கு ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்கியது. வழிகாட்டி மதிப்பு மறுபடி மாறலாம் என்பதால் பதிவு நாளன்று என்ன மதிப்பு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. வீடு 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 என்றால் 19,80,000. போர், மோட்டார், தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 3 லட்சம் என்று குறைத்தே வைப்போம். மொத்தம் 35,88,000 ரூபாய்.

இதில் 25 லட்சம் வங்கிக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 21,700. மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இது 22 சதவீதம். மொத்த விலை ஆண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்கு. இரண்டு அளவுகோலுக்கும் உட்பட்டதுதான். அதே வீட்டை, பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் கணவனும் நூல் மில்லுக்குப் போகும் மனைவியும் ஓயாமல் உழைத்து மாதம் 40,000 கொண்டுவருகிறார்கள் என்று வைத்துப் பாருங்கள். தவணை 54 சதவீதம். விலை ஏழரை மடங்கு.

நீங்கள் முதல் குடும்பம்தானே, இரண்டாவது கணக்கு எதற்கு என்று தோன்றலாம். வீட்டிலிருந்தே வேலை என்று சொன்ன நிறுவனம், ஒரு நாள் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வா என்று சொன்னால், சேலத்திலிருந்து பெங்களூர் 200 கிலோமீட்டர். வேலையை விட்டு உள்ளூரிலேயே ஏதாவது பார்க்கலாம் என்றால், உள்ளூர்ச் சம்பளம்தான் கிடைக்கும். கடை வைத்தால் உள்ளூர்க் கூலி வாங்குகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள். வீட்டை விற்க நேர்ந்தால் வாங்க வேண்டியவரும் அவர்களில் ஒருவராகத்தான் இருக்கும். அவரிடம் 36 லட்சம் இருக்காது. ஆகவே வெளியூர்ச் சம்பளம் எத்தனை வருஷம் நிச்சயம் என்று நீங்கள் நம்புகிறீர்களோ அத்தனை வருஷத்துக்குள் கடனை அடைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வீட்டின் அளவைக் குறையுங்கள். 900 சதுர அடியை 600 ஆக்கினால் மேலே சொன்ன கணக்கில் 6,60,000 குறைகிறது. பின்னால் அறை சேர்க்க இடம் விட்டுக் கட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்தது தண்ணீர். இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

நம் சமவெளியின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளில் ஓடுகிறது. ஒரு சைட்டில் 300 அடியில் நல்ல தண்ணீர் வரும். தெரு தாண்டி அடுத்த சைட்டில் 1,000 அடி போட்டாலும் புகைதான் வரும். இந்தியா முழுக்க ஓடிப் போர் போடும் ரிக் வண்டிகளின் ஊர் எங்கள் திருச்செங்கோடு. அந்த ஊரைச் சுற்றியுள்ள காடுகளிலேயே வறண்ட போர்கள் வரிசையாக மூடி போட்டு நிற்கின்றன. நிலத்தடி நீரைத் தமிழ்நாட்டில் பிர்க்கா (குறுவட்டம்) வாரியாக அளந்து வகை பிரிக்கிறார்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஊறுவதைவிட அதிகமாக எடுக்கப்படும் பிர்க்காக்கள் பல. நீங்கள் பார்க்கும் இடம் எந்தப் பிர்க்காவில் வருகிறது, எந்த வகையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது சென்ட் விலை கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

போர் போடும் கூலி அடிக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். ஆழம் போகப் போக அந்தக் கூலி படிப்படியாக ஏறும். கேசிங் குழாய் தனி. மோட்டார், கேபிள், குழாய் எல்லாம் ஆழத்துக்கு ஏற்ப கூடும். நான் மேலே போட்ட 3 லட்சத்தை ஒரு தோற்றுப்போன போர் பாதியாக்கிவிடும். இரண்டாவது போர் முழுதாகத் தின்றுவிடும். ஆகவே சுற்றியுள்ள நாலு வீட்டில் போய்க் கேளுங்கள்: எத்தனை அடியில் தண்ணீர், எந்த வருஷம் போட்டது, சித்திரை வைகாசியில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, டிராக்டர் டேங்கர் வாங்குகிறார்களா, லோடு என்ன விலை. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பித் ததும்பும்போது இடம் பார்க்க வருகிறவர்களுக்கு எல்லா ஊரும் நல்ல ஊராகத்தான் தெரியும். கோடையில் வந்து பாருங்கள்.

தண்ணீர் இருந்தால் போதாது. சேலம், தருமபுரி, நாமக்கல் வட்டாரங்களில் ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீர் பல இடங்களில் உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களின் மூட்டில் பிடிப்பு என்று அது மெதுவாகத் தெரியவரும். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள். சைட் முன்பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டுப் போர்த் தண்ணீரில் இதைச் செய்யுங்கள்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊர் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் குழாய் இருப்பது வேறு, தண்ணீர் வருவது வேறு. ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். வீட்டுக்கு முன்னால் நீலக் குழாய் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் போகாமல், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று அந்தத் தெருப் பெண்களிடம் கேளுங்கள். தண்ணீருக்காகக் குடத்தை வரிசையில் வைப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் சொல்லும் கணக்கு பிசகாது.

பரமத்தி வேலூர், மோகனூர், ஜேடர்பாளையம் பக்கம் வேறு நாடு. ராஜவாய்க்கால் பாயும் வயல், வெற்றிலைக் கொடிக்கால், வாழை, தென்னை. தண்ணீர் இருக்கும் இடத்தில் நில விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆற்றங்கரைக்கு மிக நெருங்கிப் போகவும் வேண்டாம். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கனஅடிக்கு அருகில் தண்ணீர் வந்தபோது குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. 2022இல் மறுபடி புகுந்தது. ஏரி உள்வாயிலும் வரத்து வாய்க்காலிலும் மனை போட்டு விற்பதும் நடக்கிறது. ஏரி பத்து வருஷம் வறண்டு கிடந்தால் அங்கே ஏரி இருந்ததே வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வருவாய்த் துறையின் புலப்படத்தில் தெரியும்.

அதைச் சொன்னதால் பத்திரத்துக்கு வருகிறேன். மலிவு விலை என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதக் குறை இருக்கும். அந்தக் குறையைத் தீர்க்க ஆகும் பணமும் வருஷங்களும் வீட்டின் விலையில் சேர வேண்டியவை.

விளைநிலத்தை அனுமதி வாங்காமல் துண்டு போட்டு விற்ற காலம் நீண்ட காலம். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வந்த வரன்முறைத் திட்டத்தில் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கு வழி திறந்தார்கள். அந்த மனைகளில் இன்னும் வரன்முறை ஆகாதவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன. உங்களிடம் சைட்டைக் காட்டுகிறவர் “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மனைப்பிரிவு ஒப்புதல் எண் என்ன, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. மனை முறையாக இருந்தால்தான் அந்த வசதி பயன்படும். இல்லாவிட்டால் வீட்டு அனுமதி இல்லை, வங்கிக் கடன் இல்லை, கந்து வட்டிதான் மிச்சம்.

மனைப்பிரிவு வேண்டாம், ஊர் ஓரத்தில் பத்து சென்ட் காடு வாங்கிக் காட்டு வீடு கட்டுகிறோம் என்பவர்கள் செக்குபந்தியைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் நான்கு எல்லைக்கும் பிறகு ஒரு வரி வரும்: மாமூல் வண்டித்தடப் பாத்தியம், கிணற்றில் இத்தனை பாகம், மின் மோட்டார் சர்வீசில் இத்தனை பங்கு என்று. அந்த ஒரு வரிதான் இடத்தின் உயிர். தடப் பாத்தியம் எழுதாத நிலம், விற்பவர் உயிரோடு இருக்கும்வரை நிலம். பிறகு அவர் தம்பி வேலி போட்டுவிட்டால் உங்கள் வீட்டுக்கு மணல் லாரி வர முடியாது. தடம் வாய்மொழியில் இருந்தால் பத்திரத்தில் அகலத்தோடு எழுதி வாங்குங்கள். கிணற்றுப் பங்கு என்றால் முறை எப்படி, எத்தனை பேர் பங்காளி என்று பாருங்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின் சர்வீசிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்கக் கூடாது. வீட்டு இணைப்பு தனியாக வாங்க வேண்டும், கம்பம் தள்ளி இருந்தால் அதற்கும் செலவுண்டு. உயர் அழுத்தக் கோபுர வரிசை போகும் காடு மலிவாகக் கிடைக்கும். கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது.

பட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று நான்கையும் இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பார்க்கும்போது மூன்று விஷயங்களில் கவனம் வையுங்கள். ஒன்று, எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர் (நில உடைமை மேம்பாடு) பணியின்போது பெயர் மாறிப் பதிவான பட்டாக்கள் இன்னும் திருத்தப்படாமல் உண்டு. பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா வேறொருவர் பெயரிலும் இருந்தால் நின்றுவிடுங்கள். அடுத்தது, நிலத்தின் வகை. கோயில் நிலம், பூமிதான நிலம், ஏரிப் புறம்போக்கு, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஆகியவை எந்தப் பத்திரத்தாலும் உங்களுடையதாகாது. பஞ்சமி நிலத்தை வாங்குவது சட்டத்துக்கு மாறானது என்பதோடு, அது உரியவர்களின் வாயிலிருந்து பிடுங்குவது. யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கடைசியாக, அக்கா தங்கச்சி கையெழுத்து. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் வந்தது; தந்தை 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை நிற்கும் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, பொண்ணுங்களுக்குப் பங்கில்லை என்று இன்னும் ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சை நம்பி வாங்கிய இடம் பத்து வருஷம் கழித்து நீதிமன்றத்தில் நிற்கும். வாரிசுச் சான்றில் உள்ள எல்லாப் பெண்களும் கையெழுத்துப் போட்டால் மட்டும் வாங்குங்கள்.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைப் போட்டுக்கொள்ளலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்பார்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதை விடுங்கள், வங்கி பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் பார்க்கும். 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு; மதிப்பே குறைத்து எழுதப்பட்டிருந்தால் கடனும் குறையும், மீதியை உங்கள் சேமிப்பிலிருந்து புரட்ட வேண்டும்.

பயணச் செலவை முன்பே குறிப்பிட்டேன். கணக்கு எளிது. வேலைக்கோ பிள்ளையின் கல்லூரிக்கோ ஒரு நாளைக்குப் போக 25, வர 25 கிலோமீட்டர் என்றால் மாதம் 1,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில் பெட்ரோலுக்கு மட்டும் 2,800 ரூபாய் அளவுக்கு ஆகும். வீட்டில் இரண்டு வண்டி ஓடினால் 5,600. இந்தப் பணத்துக்கு 20 வருஷக் கடனில் ஆறரை லட்சம் வாங்கலாம். அதாவது டவுன் பஸ் ஓடும் சாலையோரத்தில் ஆறு லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய இடமும், 25 கிலோமீட்டர் தள்ளி மலிவாக வாங்கிய இடமும் உங்கள் பையில் ஒரே கணக்குத்தான். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ் வரும் ஊரில் அந்தச் சலுகை வீட்டுக் கணக்கில் ஒரு வரவு. பஸ் வராத ஊரில் அதனால் பயனில்லை. காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு, இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்து டீக்கடையில் கேளுங்கள். பெரிய சிகிச்சைக்குச் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையும், 2022இல் தொடங்கிய நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. நள்ளிரவில் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதை வீட்டில் வயதானவர் இருந்தால் நினைவில் வையுங்கள்.

அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கோழிப்பண்ணைக்கு அருகில் வாங்குவதற்கு முன் ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது ஒரு மாலை அங்கே நின்று பாருங்கள். ஈயும் வாடையும் பண்ணையின் தவறென்று நீங்கள் மனு எழுதக் கூடாது; பண்ணை உங்களுக்கு முன்பே அங்கே இருந்தது, ஊர் அதில்தான் சோறு தின்கிறது. தறி ஓடும் தெருவும் அப்படியே. இரவு ஷிப்டில் சத்தம் ஓயாது.

ஊராட்சி என்பதால் வரி குறைவு என்று வருகிறவர்கள், அது எப்போதும் ஊராட்சியாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். நாமக்கல் 2024இல் மாநகராட்சியானது. சுற்றுக் கிராமங்களை இணைக்கும் பேச்சு வந்தபோது மக்கள் எதிர்த்துத் திரண்டார்கள், வரி ஏறும், நூறுநாள் வேலை போய்விடும் என்று.

இனிச் சொல்வது உங்களைப் பற்றியதல்ல, நீங்கள் வரும்போது ஏற்கெனவே இங்கே இருப்பவர்களைப் பற்றியது. இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

2025-26இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையின் நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தால் 33,600. நாம் கணக்குக்கு வைத்த 12 லட்ச ரூபாய் மனை, ஒரு பைசா சாப்பாட்டுக்கு எடுக்காமல் சேர்த்தால் 35 வருஷத்துக்கு மேற்பட்ட அந்தக் கூலி. குடிசை இல்லாத தமிழ்நாடு என்று 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அதைப் பெற சொந்த இடம் வேண்டும். இடம் இல்லாத குடும்பத்துக்கு வீட்டுப் பணமும் இல்லை. ஊரோரக் காடெல்லாம் சைட் ஆகி, சென்ட் விலை வெளியூர்ச் சம்பளத்துக்கு ஏற்றபடி ஏறும்போது, முதலில் கைவிட்டுப் போவது அந்தக் குடும்பத்தின் இரண்டு சென்ட் கனவுதான். மரவள்ளிக் காடு போனால் அதில் கிழங்கு பிடுங்கிய கூலியும் போகிறது.

பட்டியலினத்துக் குடும்பங்கள் ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்டாலும் மனை கேட்டாலும், விலையைப் பேசுவதற்கு முன்பே பேச்சு நின்றுவிடுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பணம் இருந்தும் வாங்க முடியாத வீடு கட்டுபடியாகாத வீடுதான். வெளியூரிலிருந்து வரும் உங்களில் அந்தக் குடும்பத்தினரும் இருப்பீர்கள். உங்களுக்குச் சொல்லும் விலை வேறாக இருக்கலாம் என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. மற்றவர்கள், உங்கள் வீட்டை வாடகைக்கு விடும்போதும் விற்கும்போதும் சாதி கேட்காமல் கொடுங்கள். இந்தச் சமவெளிக்கு நீங்கள் கொண்டுவரக்கூடிய பெரிய முதலீடு அது.

விளைநிலத்தில் புதுக் கல் நடுவதற்கு முன்னால் ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளை விசாரியுங்கள். ஓட்டு வீடு, நத்தம் பட்டா, குழாய் இணைப்பு, மின் இணைப்பு, தெருவிளக்கு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். பங்காளிகளைக் கூட்டிக் கையெழுத்து வாங்குவது சிரமம்தான். கிடைத்தால், புதுக் கட்டடத்துக்கு ஆகும் 20 லட்சத்தில் பாதிக்கும் குறைவாகச் சீர்செய்துவிடக் கூடிய வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஒரு விளைநிலமும் தப்பிக்கும்.

எதை வாங்குவதாக இருந்தாலும் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். சிறு கிராமங்களில் வாடகை வீடு எளிதில் அமையாது. நீங்கள் விரும்பும் ஊருக்குப் பக்கத்துப் பேரூராட்சியில் பாருங்கள். திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் பக்கம் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்காக வந்து தங்கும் பெற்றோர் அதிகம் என்பதால் ஆனியில் வாடகை ஏறிவிடும். தேர்வு முடிந்து சித்திரையில் வீடுகள் காலியாகும்போது பிடித்துவிட்டால் விலை படியும். அதே கையோடு தண்ணீர் இல்லாத மாதங்களையும் ஊரிலேயே இருந்து பார்த்துவிடலாம். வாடகை வீட்டுக்கு மாசியிலேயே சொல்லி வையுங்கள். போக்கியத்துக்கு வீடு இருக்கிறது என்று மொத்தப் பணம் கேட்டால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
ராசிபுரம் பக்கத்திலிருந்து உங்கள் வரவை எதிர்பார்க்கும் ஒருவன்